முப்பத்துமூன்றாம் பக்கத்துக் கொக்கி

அத்தியாயம் 5

மணி ஒன்று இருபது. உம்மா உறங்கிவிட்டாள். அடுத்த அறையில் வாப்பாவின் குறட்டை கேட்கிறது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குள் நான் ஒரு முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

"செத்தவங்க லைப்ரரிக்கு வருவாங்களாக்கா?"

மதியம் ஷைஜா அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். புதுக்கடை சந்தை முக்கில் ஜான்ரோஸ் அண்ணனின் வாடகை நூலகம் இருக்கிறது. அதன் மாடியில் ஷைஜா அக்காவின் துப்பறியும் நிலையம். பலகையில் பூதக்கண்ணாடி எல்லாம் வரைந்திருக்கிறது. ஆனால் வருகிற வழக்கில் முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை துபாயில் மேனேஜரா, மேனேஜருக்கு சாயா போடுகிறவனா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வருவாங்க," என்று ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது. அது ஜெனித், ஷைஜா அக்காவின் உதவியாள். இருபத்திரண்டு வயது, நாக்குக்கு எலும்பில்லை. "எடுத்த புக்க திருப்பித் தரத்தான் வரமாட்டாங்க. அந்த விஷயத்துல உசிரோட உள்ளவங்களும் அப்படித்தான்."

"ஜெனித், வாய மூடு."

"மூடியாச்சுக்கா. வேணும்னா தட்டுங்க, தொறக்கேன்."

நான் பையிலிருந்து நாவலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அட்டையில் மண்டையோடு, மெழுகுவர்த்தி, பாதி முகம் மட்டும் தெரிகிற ஒரு பெண். போன மாதம் வந்த பேய்த் துப்பறியும் நாவல்.

"இதுல ஒரு அடையாளம் இருக்குக்கா. அது பெபிஷாக்க அடையாளம். அவ மௌத்தாயி நாலு மாசமாச்சு. இந்த புக்கு வந்ததே போன மாசம்."

ஷைஜா அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கினார். புத்தகத்தை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, ஒரே தடவையில் திறந்தார். பக்கத்தின் அடிமூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன மீன்கொக்கி.

"கொக்கி," என்றார்.

வாடகை நூலகத்தில் படிக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பழக்கம் தெரியும். பேய் நாவல் எல்லாம் அட்டையில் ஒன்றுபோல இருக்கும், பெயரும் ஒன்றுபோல இருக்கும். படித்ததையே மறுபடி எடுத்துக்கொண்டு போகாமலிருக்க ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பக்கம், ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் அதைப் போட வேண்டும். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பத்தாம் பக்கத்தில் நட்சத்திரம் போடுவார். பெபிஷா முப்பத்துமூன்றாம் பக்கத்தில் கொக்கி போடுவாள். எந்த நாவலாக இருந்தாலும் முதல் கொலை அந்தப் பக்கத்துக்குள் விழுந்துவிடும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் நான் ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைப்பேன்.

இதில் பாதியைத்தான் ஷைஜா அக்காவிடம் சொன்னேன். என் வட்டத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சொல்லாத இன்னொன்றும் உண்டு. சித்திரையில் பாறை உடைத்துப்போட்ட குவாரிக் குழியில் பெபிஷா மிதந்தபோது, அவள் தனியாகத்தான் போனாள் என்று போலீஸ் எழுதியது. ப்ளஸ் ஒன் பரீட்சையில் இரண்டு பாடம் போனதால் அவளே குழிக்குள் சாடி உயிரை விட்டாள் என்று ஊர் சொன்னது. இரண்டும் பொய். அவளோடு நான் இருந்தேன். அது யாருக்கும் தெரியாது. நாங்கள் வேறு வேறு பள்ளிக்கூடம். டியூஷன் முடிந்து எனக்குத் தேங்காய்ப்பட்டணம் பஸ் வரும்வரை இருபது நிமிடம்தான் எங்கள் சிநேகம். அந்த இருபது நிமிடமும் நாவல் பேசுவோம். கார்டு அவள் பெயரில் இருந்தது. ஒரே புத்தகத்தை முதலில் அவள் படிப்பாள், பிறகு நான். என் வீட்டில் நாவல் என்றால் அடி விழும். அவள் வீட்டில் அடுப்பில் விழும்.

நாலு மாதம் நான் புத்தகத்தைத் தொடவில்லை. போன வாரம்தான் தம்பி ரிஜ்வான் பெயரில் கார்டு போட்டேன். அப்படி எடுத்த முதல் புத்தகத்திலேயே அவள் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"பேயா மனுசனான்னு முதல்ல பாப்போம்," என்றார் ஷைஜா அக்கா. "நீ இத எவ்வளவு படிச்ச?"

"முப்பத்திமூணு வரைக்கும். கொக்கியப் பாத்ததும் மூடிட்டேன்."

"அப்போ அதுக்கு மேல உள்ளத யாரு படிச்சா?" புத்தகத்தின் முதுகை வெளிச்சத்தில் காட்டினார். முப்பத்துமூன்று வரை மடிப்பு ஓடியிருந்தது. அதற்கு மேல் கடையில் வாங்கின மாதிரி விறைப்பாக இருந்தது. "ஒருத்தரும் படிக்கல. படிக்காம அடையாளம் மட்டும் போட்டிருக்கு. உன் கூட்டுக்காரி அப்படிச் செய்வாளா?"

"செய்யமாட்டா. முடிக்காம போட்டா பாவம்னு சொல்லுவா."

"அப்போ பேய் இல்ல."

"பேய்தான், சோம்பேறிப் பேய்," என்று ஜெனித் எழுந்து வந்தான். புத்தகத்தைப் பிடுங்கி முகத்துக்கு அருகே வைத்துப் பார்த்தான். "பேனா இல்லக்கா, சிவப்புப் பென்சில். கத்தி வச்சு சீவினது. எங்கம்மைக்க வேதபுத்தகம் பூரா இந்தக் கலருதான், வசனத்துக்கு அடியில கோடு கோடா. அப்புறம் இந்த மூலையில பாருங்க, கறுப்பா பெருவிரல் தடம். சோப்பு போட்டாலும் போவாது. அண்டி எண்ணெ." முகர்ந்தும் பார்த்தான். "பேய் ஆறு நாள் அண்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போவுது. ஏழாவது நாள் சர்ச்சுக்குப் போவுது. இவ்வளவு ஒழுக்கமான பேய் எனக்கு ஒரு பொண்ணு பாத்துக் குடுத்தா கண்ண மூடிட்டுக் கட்டிப்பேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்டி ஆபீஸ் என்றால் முந்திரித் தொழிற்சாலை. கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய் பட்டு, அங்கே வேலை செய்யும் பெண்களின் விரல் நுனியெல்லாம் கருத்துப்போயிருக்கும். பெபிஷாவின் அம்மா நேசபாய் அங்கேதான் தோடு உடைக்கிறாள் என்று பெபிஷா சொல்லியிருக்கிறாள்.

ஷைஜா அக்கா ஏனோ ஜெனித்தை முறைத்தார். "இப்போ உன்ன யாருடே இதெல்லாம் கேட்டா?"

"தானா வந்துட்டுதுக்கா."

"உனக்கு அண்டி ஆபீஸுல யாரையாவது தெரியுமா பிள்ள?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியாது."

அவர் தலையாட்டினார். அந்தப் பதிலுக்காகவே காத்திருந்தவர் போல இருந்தது.

கீழே இறங்கினோம். ஜான்ரோஸ் அண்ணன் பழைய நாவல்களைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் இந்தப் புத்தகத்தை யார் எடுத்தது என்று ஷைஜா அக்கா கேட்டார். அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஒருத்தரும் எடுக்கல. இந்தப் பிள்ளைக்குத்தான் முதல்ல போச்சு."

"அப்போ அலமாரியில ஏறுறதுக்கு முன்னாடியே கொக்கி விழுந்திருக்கு," என்றார் ஷைஜா அக்கா.

"பேய்க்கு முதல் காப்பி தனியா அனுப்புறீரா அண்ணாச்சி?" என்றான் ஜெனித்.

ஜான்ரோஸ் அண்ணன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "எனக்கு வேல கெடக்குடே." காலையில் நான் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டி அழுதபோது இதே ஆள்தான், "மேல போயி ஷைஜாகிட்ட சொல்லு மக்களே, காசு கேக்கமாட்டா" என்று என்னை மாடிக்கு அனுப்பியவர். இத்தனை துப்பறியும் நாவல் படித்தவள் நான். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பயந்தவளுக்குக் கண் தெரியாது.

நாலரைக்கு ஆட்டோ பிடித்தோம். அஞ்சு மணிக்கு அண்டி ஆபீஸில் சங்கு ஊதும், விரலைப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம் என்று திட்டம்.

"அங்க இருநூறு பேருக்கும் கறுத்த வெரலாக்கும்," என்றான் ஜெனித். டிரைவருக்குப் பக்கத்தில் பாதி வெளியே தொங்கிக்கொண்டு வந்தான். "இருநூறு பேய். நான் ஓடுறதுக்கு எடம் பாத்து வைக்கேன்." பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். "அது செரி, என்னத்துக்கு முப்பத்திமூணு? முப்பது, முப்பத்தஞ்சுன்னு வைக்கப்பிடாதா?"

"அதுக்குள்ள முதல் கொலை விழுந்திரும். அதுதான்…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் நாக்கு நின்றுவிட்டது.

நான் மாடியில் புத்தகத்தை மேசையில் வைத்தபோது, "ஒரு அடையாளம் இருக்கு" என்று மட்டும்தான் சொன்னேன். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஷைஜா அக்கா கேட்கவும் இல்லை. விரலை நாக்கில் தொட்டார், திறந்தார், கொக்கி அங்கே இருந்தது.

ஆட்டோ ரப்பர் தோட்டத்தைக் கடந்துகொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க எப்படி நேரா அந்தப் பக்கத்தத் தொறந்தீங்க?"

"கீழ எறங்கும்போவே கேப்பன்னு நெனச்சேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "இந்த வழக்கு என்கிட்ட வந்து ரெண்டு மாசமாச்சு பிள்ள. பேயக் கண்டுபிடிக்கச் சொல்லி நீ வர்றதுக்கு முன்னாடியே, உன்னக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒருத்தி வந்துட்டா. குழிக்கரையில கெடந்த பையில ஒரு நாவலு இருந்துது. கொக்கிக்குப் பக்கத்துல ஒரு வட்டம். அந்த வட்டம் யாருன்னு அவளுக்குத் தெரியணும்."

"கார்டு ஒரே பேருல இருந்துது. ஆளத் தேடினா கிடைக்காது," என்றான் ஜெனித். இப்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "அதனால வர்ற பேய் நாவல்ல எல்லாம் அவளையே கொக்கி போட வச்சோம், அண்ணாச்சிக்கும் தெரியும். மத்தவங்களுக்கு அது வெறும் கிறுக்கல். பாத்ததும் அலறுற ஒருத்தி உண்டும்னா, அவதான்."

"எத்தன புக்குல?"

"பத்தொம்பது."

நான் இறங்கி ஓடியிருப்பேன். ஆனால் ஆட்டோ அதற்குள் கேட்டுக்கு வந்து நின்றுவிட்டது. சங்கு ஊதியது.

பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். தூக்குப்பாத்திரம், சிரிப்பு, பஸ் பிடிக்கிற அவசரம். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் அவசரப்படவில்லை. ஒல்லி, நரைத்த முன்தலை, கையில் ஒரு துணிப்பை. பெபிஷாவின் நெற்றி அப்படியே அவளுக்கும் இருந்தது. அவள் நேராக எங்களிடம் வந்தாள்.

"நேசபாய் அக்கா," என்றார் ஷைஜா அக்கா, "நீங்க கேட்ட வட்டம்."

நேசபாய் என் பெயரைக் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு நாவலை எடுத்தாள். பனியில் நனைந்து உப்பிப்போன புத்தகம். முப்பத்துமூன்றாம் பக்கத்தை விரித்தாள். பெபிஷாவின் நீலப் பேனாக் கொக்கி, பக்கத்தில் என் வட்டம். நிறம் வேறு என்பதுகூட பயத்தில் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அடியில் வெற்றிடம். இடுப்பிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"போடு."

போட்டேன். வட்டம் வட்டமாகவே வந்தது. நடுவில் புள்ளியும் வைத்தேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கறுத்த பெருவிரலால் ஒன்றைத் தொட்டாள், பிறகு மற்றதைத் தொட்டாள்.

"பதினொரு புக்குல பாத்தேன். எங்க எம்மக கொக்கி உண்டோ, அங்க இது உண்டு. அவளுக்கு ஒரு கூட்டுக்காரி உண்டும்னு ஸ்டேசன்ல போயி சொன்னேன். லைப்ரரி புக்குன்னா ஆயிரம் கிறுக்கல் கெடக்கும்னு சிரிச்சாவ." பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "எம்மக சாடினாளா?"

"இல்ல மாமி."

"பின்ன?"

சொன்னேன். கேட்டுக்குப் பக்கத்தில், ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன். அந்த நாவலில் ஒரு பாழும் குழி வரும். அதற்குள் ஒரு பேய் இருந்து கூப்பிட்ட பெயரைத் திருப்பிக் கூப்பிடும். துப்பறிபவர் அதை எண்ணிப் பார்ப்பார். மூன்று தடவை கூப்பிட்டு மூன்று தடவை திரும்பி வந்தால் அது பாறையில் பட்ட எதிரொலி. நாலாவது வந்தால் பேய், திரும்பிப் பார்க்கக் கூடாது. அது உண்மையா என்று பார்க்கலாம் என்றாள் பெபிஷா. டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டுக் குவாரிக்குப் போனோம். அவள் படி மாதிரி வெட்டியிருந்த, பாசி பிடித்த பாறையில் இறங்கினாள். நான் மேலே, குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணுவதற்காக நின்றேன். அதுதான் விதி என்று நாங்களே வைத்துக்கொண்டோம். அவள் என் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றும் திரும்பி வந்தது. அப்புறம் குழித் தண்ணீரில் ஏதோ விழுகிற சத்தம்.

"கல்லு விழுந்துச்சுன்னு நெனச்சேன் மாமி."

நேசபாய் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இல்ல. கல்லுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அதுக்கப்புறம் அவ விளிச்சாளா?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லலாம். உடனே முங்கிப்போய்விட்டாள், வலியே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஷைஜா அக்கா என்னைப் பார்க்காமல் ஆட்டோ மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனித்தின் வாய் திறந்திருந்தது.

"விளிச்சா."

"யார?"

"என்ன. ஒரே ஒரு தடவ. நாலாவது தடவ." அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். "நான் திரும்பிப் பாக்கல மாமி. ஓடிட்டேன். ரோட்டுல கட இருந்துது, ஆளு இருந்தாவ, ஒருத்தரையும் விளிக்கல. டியூஷனுக்குப் போகாதது வீட்டுக்குத் தெரிஞ்சிரும்னு பஸ் ஏறிட்டேன்."

நேசபாய் அழவில்லை. அழுதிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவள் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள், பையின் வாயைச் சுற்றினாள், மறுபடி பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"நான் அடிச்சு வளத்த பிள்ள," என்றாள். "பரீட்சையில தோத்ததுக்கு அன்னைக்குக் காலையிலயும் அடிச்சேன். அதுக்குத்தான் சாடிட்டான்னு நாலு மாசம் நான் நம்பிட்டு கெடந்தேன். ஊரு பேசினதக் கூட விடு. நான் நம்பினேன். நீ இந்த ரோட்டுலதானே தெனம் பஸ்ஸுல போன? ஒரு நாள், ஒரே ஒரு நாள் எறங்கி, மாமி அவ வழுக்கினதாக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதாட்டி?"

நான் பஸ் போகிற ரோட்டைப் பார்த்தேன்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆராதன முடியும். எல்லாரும் வெளிய வரும்போ வாசல்ல நின்னு இத இப்படியே சொல்லணும். எம்மக சாடல, வழுக்கினதாக்கும்னு சத்தமா சொல்லணும்."

"வாப்பாவுக்குத் தெரிஞ்சா…"

"நீ வரலன்னா நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன். ஸ்டேசனுக்கும் போவமாட்டேன்." பென்சிலை முந்தானையில் முடிந்துகொண்டாள். "கொக்கி போடுவேன். இந்தப் பென்சில் தீந்தா வேற வாங்குவேன். நீ சாவுற வரைக்கும் எந்த புக்கத் தொறந்தாலும் அங்க அவ இருப்பா."

அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கூட்டத்தோடு சேர்ந்ததும் எது அவள் முதுகு என்று தெரியவில்லை.

அதே ஆட்டோவில் திரும்பினோம். புதுக்கடையில் இறங்கியதும் ஷைஜா அக்கா அந்த மண்டையோட்டு நாவலை என் கையில் கொடுத்தார்.

"எனக்கு எதுக்குக்கா இது?"

"முடிச்சிட்டுத் திருப்பிக் குடு. பாதியில விட்டா உனக்கு அது பேய்க் கதையாவே இருக்கும். கடைசி அத்தியாயத்துல எல்லாரும் மனுசங்கதான்." ஆட்டோக்காரருக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். "இந்த வழக்குல எனக்கும் சந்தோசம் ஒண்ணும் இல்ல பிள்ள. ஒம்பது மணிக்கு நான் அங்க நிப்பேன். பக்கத்துல வரமாட்டேன். ஆனா நிப்பேன்."

ஜெனித் ஏதோ சொல்ல வந்து தலையைச் சொறிந்தான். "பஸ் வருது," என்று மட்டும் சொன்னான்.

இப்போது புத்தகம் என் முன்னால் இருக்கிறது. முப்பத்துநாலிலிருந்து படிக்கத் தொடங்கி, இப்போதுதான் முடித்தேன். பேய் இல்லை. பயந்துபோன ஒருவன்தான் எல்லாவற்றையும் செய்திருக்கிறான். அப்படித்தான் முடியும் என்று பெபிஷா முப்பத்துமூன்றாம் பக்கத்திலேயே சொல்லியிருப்பாள். முடித்துவிட்டதால் கொக்கிக்குப் பக்கத்தில் என் வட்டத்தையும் போட்டேன்.

காலையில் சர்ச் வாசலில் சொல்வதற்கு முன் வாப்பாவிடம் சொல்ல வேண்டும். விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எழும்பும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கும் முன்னால் உம்மா. அவள் விழித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். உள்ளே கட்டில் சத்தம் கேட்டது.

"ஷிபானா…"

லைட் எரிவதைப் பார்த்திருப்பாள். நான் இதை எழுதி முடிக்கிற அவசரத்தில் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அதற்கப்புறமும் கூப்பிட்டாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

திரும்பிப் பார்த்தேன்.